போப்பின் கோட்டைக்குள் ஓர் எஸ்கலேட்டர்

இத்தாலியில் மலை மேல் ஊர் கட்டியவர்கள் யாரும் காற்று வாங்குவதற்காகக் கட்டவில்லை. வருகிறவனுக்கு மூச்சு வாங்கவேண்டும் என்பதற்காகக் கட்டினார்கள். கவசம், கேடயம், ஈட்டி சகிதமாக ஒருவன் செங்குத்துச் சந்தில் ஏறி வந்து சேர்வதற்குள் நாக்குத் தள்ளிவிடும். அப்புறம் மேலே நிற்பவனுக்குப் பெரிய வீரம் தேவையில்லை, ஒரு கல் போதும். உம்பிரியா மாநிலத்தின் தலைநகரான பெருஜியா இந்தக் கொள்கையிலேயே ஊறிய ஊர். கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 490 மீட்டர் உயரம். 2,300 ஆண்டுகளுக்கு மேலாக அந்த ஊர்க்காரர்கள் உலகத்திடம் வைத்த ஒரே கோரிக்கை, தயவுசெய்து யாரும் மேலே வராதீர்கள் என்பதுதான்.

அப்படிப்பட்ட ஊர் 1983-ல் எஸ்கலேட்டர் போட்டது. மலையடிவாரத்தில் பார்ட்டிஜானி சதுக்கத்தில் இறங்கி, கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு சும்மா நின்றால் போதும். ஊரே உங்களைத் தூக்கிக்கொண்டுபோய் உச்சியில் இறக்கிவிடும். காசு கிடையாது. சக்கர நாற்காலிக்கு எஸ்கலேட்டர் சரிப்படாது என்பதால், அப்படி வருபவர்கள் 2008-ல் வந்த மினிமெட்ரோவைப் பிடிக்கலாம். ஓட்டுநர் இல்லாத குட்டிப் பெட்டிகளைக் கேபிள் மலைமேல் இழுத்துக்கொண்டு போகிறது. நிலையங்களை வடிவமைத்தவர் பிரெஞ்சுக் கட்டடக் கலைஞர் ழான் நூவெல். ஒரு காலத்தில் கொதிக்கும் எண்ணெயோடு வரவேற்றிருக்கக்கூடிய ஊர், இன்று லிஃப்டோடு வரவேற்கிறது.

ஆகவே இந்தச் சுற்றுலா முட்டி தேய்ந்தவர்களுக்கு, மூச்சிரைப்பவர்களுக்கு, பேரப்பிள்ளையைத் தள்ளுவண்டியில் வைத்துத் தள்ளுபவர்களுக்கு. குடையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு முன்னால் ஓடுகிற வழிகாட்டி இங்கே இல்லை. உட்காரத் தோன்றினால் உட்காரலாம். ஒரு விஷயம் மட்டும் முதலிலேயே தெரிந்துகொள்ளுங்கள்: நாம் மேலே போகப் போகச் சரித்திரம் பின்னால் போகும், ரத்தம் மட்டும் எல்லாத் தளங்களிலும் கிடைக்கும்.

தெருவுக்குக் கூரை போட்டவர்

எஸ்கலேட்டர் வெளிச்சத்திலிருந்து திடீரென ஒரு குகைக்குள் கொண்டுபோய் விடுகிறது. கோடையிலும் சில்லென்று இருக்கும். கண் பழகியதும் பாருங்கள்: இது குகையில்லை, தெரு. இரண்டு பக்கமும் வீடுகள். வாசல் இருக்கிறது, ஜன்னல் இருக்கிறது, சந்து பிரிகிறது, முக்கு திரும்புகிறது. வானம் மட்டும் இல்லை. வானம் இருக்கவேண்டிய இடத்தில் செங்கல் வளைவு. இந்தத் தெருவின் பெயர் வியா பாலியோனா. பாலியோனி குடும்பத்தின் தெரு.

15-ம் நூற்றாண்டில் பெருஜியாவை ஆண்டவர்கள் பாலியோனிகள். ஆண்டார்கள் என்றால் கிரீடம் வைத்துக்கொண்டு அல்ல. அவர்கள் ஒரு தெருவில் வந்தால் மற்றவர்கள் அடுத்த தெருவுக்குப் போய்விடுவார்கள், அதுதான் அரசியல் சாசனம். முதலில் ஊரிலிருந்த மற்றப் பெரிய குடும்பங்களை அடித்துத் துரத்தினார்கள். சதுக்கத்தில் நடந்த ஒரு சண்டைக்குப் பிறகு ரத்தக் கறையான பேராலயத்தை ஒயின் ஊற்றிக் கழுவி மறுபடி புனிதப்படுத்தினார்கள் என்று ஊர்ச் சரித்திரம் சொல்கிறது. வெளியில் எதிரிகள் தீர்ந்துபோனதும் குடும்பத்துக்குள் பார்வை திரும்பியது.

1500-ம் வருடக் கோடையில் அஸ்டோரே பாலியோனிக்கு லவீனியா கொலோன்னாவோடு திருமணம். ஊரே அலங்காரம், விருந்து, ஆட்டம் பாட்டம். விருந்துக்கு வந்த சொந்தக்காரன் கிரிஃபொனெட்டோவின் காதில் யாரோ ஓதினார்கள்: உன் மனைவிக்கும் இன்னொரு பாலியோனியான ஜான்பவோலோவுக்கும் தொடர்பு. சொந்தக்காரர்கள் கூடும் கல்யாண வீட்டில் இப்படி ஒரு பேச்சு கிளம்பாமல் இருந்தால்தான் ஆச்சரியம். ஆனால் மற்ற இடங்களில் சாப்பாட்டைக் குறை சொல்லிவிட்டுக் கோபித்துக்கொண்டு கிளம்புவார்கள். கிரிஃபொனெட்டோ ஜூலை மாதத்து இரவொன்றில் ஆட்களைக் கூட்டிக்கொண்டு படுக்கையறைக் கதவுகளை உடைத்தான். மாப்பிள்ளை அஸ்டோரே, அவனுடைய தந்தை குவிதோ, சகோதரர்கள் என்று வரிசையாக வெட்டிப் போட்டார்கள். தீர்த்துக்கட்ட வேண்டிய முக்கியமான ஆள் ஜான்பவோலோ மட்டும் கூரை வழியாகத் தப்பிவிட்டான். மறுநாளே படையோடு திரும்பி வந்தான். கிரிஃபொனெட்டோ தெருவில் சாய்ந்தான். உயிர் பிரியும் நேரத்தில் தாய் அட்டலாண்டா ஓடிவந்து, கொன்றவர்களை மன்னித்துவிடு என்று மகனிடம் கேட்டாள் என்பது அன்றைய வரலாற்றாசிரியர் எழுதிய கதை.

அந்தத் தாய் மகனின் நினைவாக ரஃபேலிடம் ஓர் ஓவியம் கேட்டாள். சிலுவையிலிருந்து இறக்கப்பட்ட இயேசுவைச் சுமந்து செல்லும் காட்சி, 1507. பெருஜியாவின் தேவாலயம் ஒன்றில் ஏறக்குறைய நூறு ஆண்டுகள் இருந்தது. 1608-ல் கார்டினல் ஷிப்பியோனே போர்கேசே அதன்மேல் ஆசைப்பட்டார். அவருடைய மாமா அப்போது போப். இராத்திரியோடு இராத்திரியாகத் துறவிகளே இறக்கிக் கொடுக்க, ஓவியம் ரோமுக்குப் போய்விட்டது. காலையில் எழுந்த ஊர் கத்தியது. பதிலுக்கு ஒரு நகல் கிடைத்தது. அசல் இன்றும் ரோமில் போர்கேசே காட்சியகத்தில்தான் இருக்கிறது.

தப்பிய ஜான்பவோலோவுக்கு ஒரு பெரிய வாய்ப்பு வந்தது. 1506-ல் போப் இரண்டாம் ஜூலியஸ் பெரிய காவல் எதுவும் இல்லாமல் பெருஜியாவுக்குள் நுழைந்தார். கையெட்டும் தூரத்தில் போப்பும் கார்டினல்களும். எத்தனையோ கொலைகளைச் செய்தவன் அன்று கைகட்டி நின்று ஊரை ஒப்படைத்தான். அந்தப் பயணத்தில் உடனிருந்த ஃபுளோரன்ஸ் அதிகாரி ஒருவர் இதைப் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டார்: மனிதர்களுக்கு முழுக்க நல்லவனாக இருக்கவும் தெரியவில்லை, முழுக்கக் கெட்டவனாக இருக்கவும் தெரியவில்லை என்ற பொருளில் பின்னால் எழுதியும் வைத்தார். அவர் பெயர் மாக்கியவெல்லி. ஜான்பவோலோவை 1520-ல் இன்னொரு போப், பத்தாம் லியோ, பாதுகாப்பு உறுதி கொடுத்து ரோமுக்கு வரவழைத்துத் தலையை எடுத்தார். முழுக்கக் கெட்டவராக இருப்பது எப்படி என்று ரோமில் யாரும் பாடம் கேட்க வேண்டியிருக்கவில்லை.

உப்புக்காக ஒரு யுத்தம்

இப்போது கூரைக்கு வருவோம். 1534-ல் போப் ஆனவர் மூன்றாம் பவுல், பூர்வாசிரமத்தில் அலெஸ்ஸாண்ட்ரோ ஃபர்னேசே. பிள்ளைகுட்டிக்காரர். குருமார்களுக்குப் பிரம்மச்சரியம் என்பது அக்கால ரோமில் ஒரு நல்ல யோசனை என்ற அளவில் இருந்தது. 1540-ல் தம் ஆட்சிக்குட்பட்ட ஊர்களில் உப்பு விலையை ஏற்றினார். அதற்கு முன்பே விளைச்சல் பொய்த்து வயிறு காய்ந்திருந்த ஊர் பெருஜியா. இப்படியெல்லாம் ஏற்றமாட்டோம் என்று முந்தைய போப்புகள் வாக்குக் கொடுத்திருக்கிறார்களே என்று கேட்டது. வாக்குக் கொடுத்தவர்கள் செத்துப்போய்விட்டார்கள் என்பதுதான் பதில்.

ஊர் உப்பு வாங்க மறுத்தது. 25 பேர் கொண்ட குழு அமைத்தது. போப் பெருஜியாவில் பூசை, சடங்கு எல்லாவற்றுக்கும் தடை போட்டார். ஊர்க்காரர்கள் அசரவில்லை. சிலுவையில் தொங்கும் இயேசுவின் உருவத்தைப் பேராலய வாசலுக்கு மேலே வைத்து, ஊர்ச் சாவிகளை அவர் காலடியில் சமர்ப்பித்தார்கள். அதாவது, போப்பின் மேலதிகாரியிடமே நேரடியாக மனுப் போட்டுவிட்டார்கள். மேலிடத்திலிருந்து பதில் வரவில்லை. போப்பின் மகன் பியர் லூயீஜி ஃபர்னேசே படையோடு வந்தான். ஜூன் மாதத்தில் எல்லாம் முடிந்தது.

தண்டனை புதுமையானது. பாலியோனி மாளிகைகள் இருந்த பேட்டை முழுவதையும் போப் கேட்டார். வீடுகளின் தலையை வெட்டி, தெருக்களுக்கு மேல் செங்கல் வளைவு போட்டு மூடி, அதையே அஸ்திவாரமாக்கி, உச்சியில் ஒரு கோட்டை எழுப்பினார். பெயர் ரோக்கா பவுலினா. கட்டியவர் அந்தோனியோ தா சங்கல்லோ. பீரங்கிகள் வெளியிலிருந்து வரும் எதிரியைப் பார்க்கவில்லை, ஊரைப் பார்த்து நின்றன. பெருஜியாக்காரர்களின் திமிரை அடக்குவதற்காக என்று கல்வெட்டு வேறு வைத்ததாகச் சொல்வார்கள். சங்கல்லோவுக்கு மட்டும் ஒரு இடத்தில் மனசு கேட்கவில்லை. வழியில் நின்ற போர்ட்டா மார்ஸியா என்ற, ரோமர்களுக்கு முன்பு இங்கே வாழ்ந்த எட்ருஸ்கர்களின் காலத்து வாயிலை இடிக்காமல், மேற்பகுதியைக் கல் கல்லாகப் பெயர்த்துக் கோட்டைச் சுவரிலேயே பதித்துவிட்டார். அதிலுள்ள உருவங்கள் இன்றும் சுவருக்குள்ளிருந்து எட்டிப் பார்க்கின்றன.

அந்த வருடம் மூன்றாம் பவுலுக்கு வேலை அதிகம். இயேசு சபைக்கு அங்கீகாரம் கொடுத்ததும் 1540-ல்தான். அந்தச் சபையின் பிரான்சிஸ் சவேரியார் இரண்டே ஆண்டுகளில் முத்துக்குளித்துறைக்கு வந்து சேர்ந்தார். பின்னாளில் வீரமாமுனிவர் வந்ததும் அதே சபை வழியாக. ஒரே வருடத்தில் ஓர் ஊரைப் புதைத்து, தமிழுக்குச் சதுரகராதி கிடைக்கவும் வழி செய்த போப் இவர். கணக்கை எப்படி நேர்செய்வது என்பது உங்கள் பாடு.

உம்பிரியாவில் இன்றும் ரொட்டியில் உப்புப் போடுவதில்லை. 1540-ல் தொடங்கிய ஒத்துழையாமை இன்னும் முடியவில்லை என்று பெருஜியாக்காரர்கள் நெஞ்சை நிமிர்த்துவார்கள். அருமையான கதை. சிக்கல் என்னவென்றால், பக்கத்து டஸ்கனியிலும் உப்பில்லாத ரொட்டிதான், அங்கே போப்பின் உப்பு வரி செல்லுபடியாகவில்லை. ஆனாலும் இதை அவர்களிடம் சொல்லாதீர்கள். உப்பிட்டவரை உள்ளளவும் நினைப்பது நம் வழக்கம். உப்பு விலையை ஏற்றியவரை ஐந்நூறு வருடமாக நினைப்பது அவர்கள் வழக்கம்.

கோட்டை இருந்த இடத்தில் காற்று

கடைசி எஸ்கலேட்டர் இத்தாலியா சதுக்கத்தில் ஒரு மண்டபத்தின் தூண்களுக்கு நடுவே உங்களைத் துப்புகிறது. இதுதான் கோட்டையின் உச்சி இருந்த இடம். கோட்டையைத் தேடாதீர்கள். 1848-ல் ஊர்க்காரர்கள் ஒரு பகுதியை இடித்தார்கள். போப் ஒன்பதாம் பயஸ் பழுது பார்த்தார். 1859 ஜூன் 20-ம் தேதி, கிளர்ந்தெழுந்த ஊருக்குள் போப்பின் சுவிஸ் கூலிப்படை புகுந்து சூறையாடியது. விடுதியில் தங்கியிருந்த ஓர் அமெரிக்கச் சுற்றுலாக் குடும்பம் மயிரிழையில் உயிர் தப்பியது. விஷயம் அட்லாண்டிக்கைத் தாண்டி நாறியது. உள்ளூர்க்காரர்கள் செத்ததைவிட வெளியூர்ப் பெட்டி படுக்கைகள் களவுபோனது பெரிய செய்தியாவது அன்றும் வழக்கம்தான்.

1860 செப்டம்பரில் ஒன்றுபட்ட இத்தாலிக்கான படை வந்து போப்பின் ஆட்சியை முடித்துவைத்தது. உடனே ஊர் திரண்டது. கடப்பாரை, சம்மட்டி, வெறுங்கை என்று கிடைத்ததை வைத்து மூன்று நூற்றாண்டுக் கோபத்தை இடித்தார்கள். மேலே இருந்த போப்பின் கட்டடம் போனது. அடியில் அவர் புதைத்த பாலியோனித் தெரு அப்படியே தப்பியது. அழிக்க நினைத்தவர் போட்ட கூரைதான் அதைக் காப்பாற்றியது. இன்று அதற்குள் எஸ்கலேட்டர் ஓடுகிறது.

பக்கத்திலேயே கார்டூச்சி பூங்கா. சமதரை, பெஞ்சுகள், கீழே பள்ளத்தாக்கு. கொஞ்ச நேரம் உட்காருங்கள். எதிர் மலையில் வெள்ளையாகத் தெரிவது அசிசி. 1202-ல் அந்த ஊர் பெருஜியாவோடு சண்டைக்கு வந்து தோற்றது. பிடிபட்டவர்களில் ஒரு துணி வியாபாரியின் செல்ல மகனும் இருந்தான். ஏறக்குறைய ஒரு வருடம் பெருஜியாச் சிறையில் கிடந்து, உடம்பு கெட்டு வீடு திரும்பிய அந்தப் பையன் அப்புறம் பழைய கேளிக்கைகளில் நாட்டம் இழந்தான். அவன்தான் பிரான்சிஸ் அசிசியார். உலகுக்கு ஒரு புனிதரைத் தந்ததில் எங்கள் சிறைச் சாப்பாட்டுக்கும் பங்குண்டு என்று பெருஜியா உரிமை கொண்டாடலாம். இதுவரை கொண்டாடாதது அதன் அடக்கம்.

சதுக்கத்தின் ஓரத்தில் ஹோட்டல் புருஃபானி. 1922 அக்டோபரில் முசோலினியின் கறுப்புச் சட்டைக்காரர்கள் ரோமை நோக்கி நடந்தார்களே, அந்த நடைப்பயணத்துக்குத் தலைமையகம் இதுதான். நான்கு தளபதிகள் இங்கே அறையெடுத்துப் புரட்சியை நடத்தினார்கள். முசோலினி மிலானில் இருந்தார். அரசர் கூப்பிட்டு அனுப்பியதும் தூங்கும் வசதியுள்ள ரயிலில் ஏறி ரோமுக்குப் போய்ச் சேர்ந்தார். கால் நோகாமல் சரித்திரத்துக்குள் நுழையலாம் என்று கண்டுபிடித்தவர் அவர். அதற்காக அவரை நம் சங்கத்தில் சேர்க்க முடியாது.

சமதரையில் ஒரு ராஜபாட்டை

இத்தாலியா சதுக்கத்திலிருந்து கோர்ஸோ வன்னுச்சி தொடங்குகிறது. அகலமான, கல் பாவிய, பெரிய மேடு பள்ளமில்லாத தெரு. வண்டி கிடையாது. சாயங்காலம் ஊர் முழுவதும் இங்கேதான் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு நடந்து, திரும்பவும் நடக்கும். எதற்கு என்று கேட்கக் கூடாது. வன்னுச்சி என்பது பெருஜீனோ என்று உலகம் அறிந்த ஓவியர் பியெத்ரோ வன்னுச்சி. ரஃபேல் கற்றுக்கொண்ட கைகளில் இவருடையதும் ஒன்று.

வழியில் இடதுபக்கம் கொலெஜியோ தெல் காம்பியோ, அந்தக் காலத்துப் பணம் மாற்றுபவர்களின் சங்கம். வட்டியும் வருமானமும் பெருகியதும் சுவரில் புனிதர்களும் வேண்டும் என்று தோன்றுவது இயற்கை. பெருஜீனோவைக் கூப்பிட்டார்கள். 1496-க்கும் 1500-க்கும் இடையில் தீர்க்கதரிசிகள், ரோமாபுரி வீரர்கள், நற்பண்புகள் எல்லாரையும் வரிசையாக வரைந்தார். நடுவில் ஒரு தூணில், மாட்டிவைத்த படம் போல, தம் உருவத்தையும் வரைந்துகொண்டார். சிவப்புத் தொப்பி, கொழுத்த கன்னம், இரட்டைத் தாடை, பாக்கிப் பணம் எப்போது வரும் என்று கேட்கிற பார்வை. கீழே லத்தீனில் அவருடைய ஓவியத் திறமைக்குப் புகழ்மாலை. பணத்துக்காக எதையும் செய்யக்கூடியவர் என்று, ஓவியர்களின் வாழ்க்கைக் கதைகளை எழுதிய வசாரி இவரைப் பற்றி எழுதிவைத்தார். வசாரி பொறாமைக்காரர் என்பார்கள். இந்த முகத்தைப் பார்த்தால் அவர் பக்கமும் கொஞ்சம் நியாயம் இருக்குமோ என்று தோன்றும்.

ஒரு தேதியை மட்டும் கவனியுங்கள். இந்த அறையில் சாந்தம் சொட்டும் முகங்களும் நீல மலைகளும் வரைந்து முடிக்கப்பட்ட அதே 1500-ல்தான் சில நிமிட நடைத் தூரத்தில் பாலியோனிகள் கல்யாண வீட்டில் கதவை உடைத்தார்கள். பெருஜீனோ ஓவியத்தில் யாருக்கும் கோபமே வராது. ஊருக்கு அது ஒருவகைப் பரிகாரமாக இருந்திருக்க வேண்டும்.

நீரூற்று, போப்புகள், ஒரு திருட்டு மோதிரம்

தெருவின் மறுமுனையில் நான்கு நவம்பர் சதுக்கம். நடுவில் ஃபொன்டானா மஜோரே. மலை உச்சிக்குத் தண்ணீர் ஏறாது என்பதால் ஊர் கிணற்றை நம்பியிருந்தது. சில கிலோமீட்டருக்கு அப்பால் பச்சியானோ மலையிலிருந்து குழாயில் அழுத்தம் கொடுத்துத் தண்ணீரைக் கொண்டுவந்தார்கள். வெனிஸ்காரர் போனின்செஞ்ஞா தண்ணீருக்குப் பொறுப்பு, துறவி பெவிஞ்ஞாத்தே மேற்பார்வை, நிக்கோலா பிசானோவும் மகன் ஜியோவான்னியும் சிற்ப வேலை. 1278-ல் நீர் கொட்டியது.

கீழ்த்தொட்டிக்கு 25 பக்கம், பக்கத்துக்கு இரண்டு சிற்பப் பலகை, மொத்தம் 50. பன்னிரண்டு மாதங்களும் உண்டு. ஜனவரியில் கணவன் மனைவி இருவரும் நெருப்பில் குளிர்காய்கிறார்கள். டிசம்பரில் பன்றியை அறுக்கிறார்கள். ஆதாம் ஏவாள், சிம்சோன், ஈசாப்பின் ஓநாயும் ஆட்டுக்குட்டியும் எல்லாம் அடுத்தடுத்து. மேல்தொட்டியைச் சுற்றி 24 சிலைகள்: மோசே, திருமுழுக்கு யோவான், புனிதர்கள். அவர்களோடு தோளோடு தோள் நிற்பவர்கள் இருவர், மத்தேயோ தா கொரெஜ்ஜோ, எர்மான்னோ தா சஸ்ஸொஃபெர்ராத்தோ. இவர்கள் எந்த வேதாகமத்தில் வருகிறார்கள் என்று தேட வேண்டாம். திட்டம் முடிந்த வருடத்தில் பதவியில் இருந்த அதிகாரிகள். தண்ணீர்த் தொட்டி திறப்பில் பதவியிலிருப்பவர் படம் வைப்பது எங்கே தொடங்கியது என்று இனி யாரும் ஆராய வேண்டாம்.

எதிரே சான் லொரென்ஸோ பேராலயம். 1345-ல் தொடங்கியது. முகப்பில் கீழே கொஞ்சம் வெள்ளையும் சிவப்புமாகக் கல் பதித்திருக்கிறார்கள், மீதி இன்றுவரை வெறும் சுவர். அரெஸ்ஸோ ஊர்ப் பேராலயத்துக்கான சலவைக் கல்லைச் சண்டையில் ஜெயித்துத் தூக்கி வந்தார்கள், அடுத்த சண்டையில் தோற்றதும் திருப்பிக் கொடுக்க வேண்டியதாயிற்று என்பது கதை. படிகளில் உட்காருங்கள். ஊரே உட்காரும் இடம் அது.

இந்த ஊர் போப்புகளுக்கு ஆகாது. 1216-ல் மூன்றாம் இன்னொசென்ட், 1264-ல் நான்காம் அர்பன், 1285-ல் நான்காம் மார்ட்டின், 1304-ல் பதினோராம் பெனடிக்ட் என்று நான்கு பேர் இங்கே காலமானார்கள். இன்னொசென்ட் ஐரோப்பாவின் அரசர்களையே ஆட்டிவைத்தவர். இறந்த இரவில் திருடர்கள் புகுந்து விலையுயர்ந்த உடுப்பை எல்லாம் உருவிக்கொண்டு போய்விட, மறுநாள் மரியாதை செலுத்த வந்தவர் கண்டது ஏறக்குறைய நிர்வாணமாகக் கிடந்த சடலத்தை. மார்ட்டினுக்கு விலாங்கு மீன் என்றால் உயிர், அதனாலேயே உயிர் போனது என்று பேச்சு. கவிஞர் தாந்தே விடாமல் அவரைக் கழுவாய்த் தலத்தில் பெருந்தீனிக்காரர்களோடு உட்காரவைத்துவிட்டார். பெனடிக்ட்டுக்குப் பெண் வேடத்தில் வந்த இளைஞன் விஷ அத்திப்பழத் தட்டைக் கொடுத்தான் என்றார்கள். வயிற்றுப்போக்காக இருக்கலாம். ஆனால் அதைச் சொல்ல எந்த வழிகாட்டியும் ஊதியம் வாங்குவதில்லை.

பேராலயத்துக்குள் ஒரு பெட்டகம் உண்டு. பெட்டிக்குள் பெட்டி, பத்துக்கும் மேற்பட்ட பூட்டு, சாவிகள் வெவ்வேறு ஆட்களிடம். உள்ளே அன்னை மரியாளின் திருமண மோதிரம் என்று நம்பப்படும் ஒரு கல் மோதிரம். இத்தனை பூட்டு ஏன்? திருட்டுப் பொருளைத் திருட்டு கொடுக்கக் கூடாது அல்லவா? மோதிரம் கியூசி என்ற ஊருக்குச் சொந்தம். 1473-ல் ஒரு ஜெர்மன் துறவி அதைத் தூக்கிக்கொண்டு தாய்நாட்டுக்குக் கிளம்ப, வழியில் கடவுள் பனிமூட்டத்தை அனுப்பி அவரைப் பெருஜியாவில் இறக்கிவிட்டார் என்று பெருஜியா சொன்னது. கடவுளே அனுப்பியதை எப்படித் திருப்பித் தருவது? சண்டை மூளும் நிலைக்குப் போய், கடைசியில் 1486-ல் போப் பெருஜியாவுக்கே தீர்ப்புக் கொடுத்தார். அந்த மோதிரம் இருந்த சிற்றாலயத்துக்காகப் பெருஜீனோ மரியாளின் திருமணத்தை வரைந்தார். 1797-ல் நெப்போலியனின் ஆட்கள் அந்த ஓவியத்தைக் கழற்றிக்கொண்டு போனார்கள். இப்போது பிரான்ஸில் கான் நகர அருங்காட்சியகத்தில் இருக்கிறது. பனிமூட்டம் எதுவும் குறுக்கிடவில்லை.

பேராலயத்தின் வெளிச்சுவரில் ஒரு பிரசங்க மேடை தெரியும். சியேனாவின் பெர்னார்தீனோ 1425-ல் இங்கே நின்று ஊரைத் திட்டினார். காரணம் கல்லெறிச் சண்டை. மேல்பேட்டைக்காரர்களும் கீழ்ப்பேட்டைக்காரர்களும் ஆண்டுதோறும் சதுக்கத்தில் கூடி ஒருவர்மேல் ஒருவர் கல்லெறிந்து விளையாடுவார்கள். மண்டை உடையும், ஆள் சாகும், அடுத்த ஆண்டும் விளையாடுவார்கள். அடிப்பதற்கு ஆள் கிடைக்காதபோது தம்மையே அடித்துக்கொள்ளவும் அவர்களுக்குத் தெரியும். 1260-ல் ரனியேரோ ஃபசானி தொடங்கிய சாட்டையடி ஊர்வலம் இங்கிருந்து இத்தாலி முழுக்கப் பரவி ஆல்ப்ஸைத் தாண்டியது. பெர்னார்தீனோ பேசிய பிறகு கல்லெறி நின்றது. பாலியோனிகள் அப்புறம்தான் கத்திக்கு மாறினார்கள்.

கடைசி வாசல்

பேராலயத்துக்குப் பின்னாலிருந்து எட்ருஸ்கர் வளைவுக்கு இறங்கும் தெரு செங்குத்து. சக்கர நாற்காலியும் தேய்ந்த முட்டியும் அதைத் தவிர்ப்பது நல்லது. ஃபோர்த்தேபிராச்சியோ சதுக்கத்துக்குப் பஸ் போகிறது, அதில் போய் அண்ணாந்து பாருங்கள். சாந்தில்லாமல் கல்லடுக்கிய பெரிய வாயில், கி.மு. 3-ம் நூற்றாண்டு. எட்ருஸ்கர்கள் இங்கே ஊர் கட்டி வாழ்ந்தார்கள் என்பதற்கு அதுவே சாட்சி.

கி.மு. 41-ல் மார்க் ஆண்டனியின் தம்பி லூசியஸ் இந்த மதிலுக்குள் வந்து ஒளிந்துகொண்டான். வெளியே அவனுடைய எதிரி ஒக்டேவியன். மாதக்கணக்கில் முற்றுகை, பஞ்சம். இரண்டு தரப்பும் கவணில் வைத்து ஈயக்குண்டு எறிந்தார்கள். குண்டுகளில் வசவுகளைப் பொறித்துத்தான் எறிந்தார்கள். லூசியஸின் வழுக்கையைப் பற்றி, ஒக்டேவியனின் உடம்பைப் பற்றி, ஆண்டனியின் மனைவி ஃபுல்வியாவைப் பற்றி. குடும்பப் பத்திரிகையில் அவற்றை அச்சிட முடியாது. அகழாய்வில் கிடைத்த குண்டுகளை அறிஞர்கள் கண்ணாடி போட்டுக்கொண்டு படித்திருக்கிறார்கள். ஊர் சரணடைந்தது. சூறையாடக் கொடுப்பதாகச் சொல்லியிருந்த நேரத்தில் ஊர்க்காரர் ஒருவரே தம் வீட்டுக்குத் தீ வைக்க, ஊர் முழுக்க எரிந்துபோனது. எரிந்த ஊரை ஒக்டேவியன் மீண்டும் எழுப்ப அனுமதித்தான். பிற்பாடு அகஸ்டஸ் சக்கரவர்த்தியானதும் வாயிலில் அகஸ்டா பெருசியா என்று தன் பெயரைச் செதுக்கிக்கொண்டான். ஒழுக்கச் சட்டங்கள் போட்டு ரோமை நல்வழிப்படுத்தியவனும் அவனேதான். ஈயக்குண்டுகளைப் பற்றி யாரும் அவனுக்கு ஞாபகப்படுத்தவில்லை.

அந்நியர்களைத் தடுக்கக் கட்டிய அந்த வாயிலுக்கு எதிரே இன்று நிற்பது அந்நியர்களுக்கான பல்கலைக்கழகம். இத்தாலி மொழி கற்க உலகெங்கிலுமிருந்து பிள்ளைகள் வருகிறார்கள். 1922-ல் இதே ஊரில் லூயிஸா ஸ்பஞ்ஞோலி உடைந்த ஹேசல் கொட்டைத் தூளையும் சாக்லேட்டையும் உருட்டி ஒரு மிட்டாய் செய்தார். உருண்டை முஷ்டி போல இருந்ததால் அதற்குக் குத்து என்று பெயர். கடைக்காரப் பெண்ணிடம் போய்க் குத்து கொடு என்று எவன் கேட்பான் என்று யோசித்து முத்தம், இத்தாலியில் பாச்சி, என்று மாற்றினார்கள். பாச்சி இப்போது உலகெங்கும் விற்கிறது. பெருஜியாவின் முழுச் சரித்திரத்திலும் குத்து முத்தமாக மாறிய சம்பவம் இது ஒன்றுதான்.

ஆக, பெருஜியாவுக்கு ஏறுவதற்கு ஒக்டேவியன் ஊரைப் பட்டினி போட்டான், போப் படையை அனுப்பினார். உங்களுக்கு ஒரு மினிமெட்ரோ டிக்கெட் போதும், எஸ்கலேட்டருக்கு அதுவும் வேண்டாம். கால் வலி என்று சொல்லி வீட்டிலேயே உட்கார்ந்திருக்கும் பெரியவர்களைக் கிளப்புங்கள். பையில் மறக்காமல் ஒரு ஊறுகாய் பாட்டில் வைத்துக்கொள்ளுங்கள். ரொட்டியில் உப்பு இருக்காது. ஆனால் உப்பு விலை இப்போது போப்பின் கையில் இல்லை.